பாசன ஓஸ்: பார்த்து வாங்குவதும் பாதுகாத்து வைப்பதும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ஏரிப் பாசனமும் வீடூர் அணைத் தண்ணீரும் எட்டாத புஞ்சை நிலங்கள் ஏராளம். அங்கெல்லாம் கிணறும் ஆழ்துளைக் கிணறுமே கதி. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மார்கழிப் பட்டத்தில் நிலக்கடலை விதைக்கிறீர்கள். உங்கள் ஊர் வழக்கில் சொன்னால் மல்லாட்டை. அது தவிர தர்பூசணி, கத்தரி, வெண்டை, கனகாம்பரம், கடலோரத்தில் சவுக்கு நாற்றங்கால். இவை அனைத்திற்கும் மோட்டாரில் இருந்து பாத்தி வரை தண்ணீரைக் கொண்டு சேர்ப்பது இன்று பெரும்பாலும் ஓஸ்தான். மண் வாய்க்காலில் விட்டால் செம்மண், மணற்பாங்கு நிலங்களில் தண்ணீரில் ஒரு பங்கை வாய்க்காலே குடித்துவிடுகிறது என்பது நீங்கள் அறிந்ததே.

மோட்டார் வாங்கும்போது நாலு பேரைக் கேட்கிறோம். நட்சத்திரக் குறி பார்க்கிறோம். ஓஸ் வாங்கும்போது மட்டும் நீளத்தையும் விலையையும் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றிவிடுகிறோம். அதன் பலன் பங்குனி மாதத்தில் தெரிகிறது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒலக்கூர்ப் பக்கம் அரை ஏக்கர் நிலக்கடலை போட்டிருந்த ஓர் உழவர், பயிர் 50-ஆம் நாளில் இருக்கும்போது என்னிடம் வந்தார். "ஐயா, மோட்டார் போச்சுங்க. காயில் கட்டியும் தண்ணி வரமாட்டேங்குது" என்றார். போய்ப் பார்த்தேன். திறந்த கிணறு, நல்ல ஊற்று, மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. மோட்டார் கொட்டகையில் இருந்து நிலம் 400 அடி. அந்த 400 அடிக்கும் அவர் 1 அங்குல ஓஸ் போட்டிருந்தார். கடையில் 2 அங்குல ஓஸ் விலை கூடுதலாக இருந்ததாம். ஓஸின் முனையை 200 லிட்டர் டிரம்மில் விட்டுப் பார்த்தோம். நிறைவதற்கு ஏறக்குறைய 5 நிமிடம் ஆயிற்று. பக்கத்து நிலத்துக்காரரின் 2 அங்குல ஓஸைக் கடன் வாங்கி அதே மோட்டாரில், அதே தூரத்திற்குப் போட்டோம். டிரம் நிறைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மோட்டாரைப் பழுது பார்க்க அவர் கொடுத்த பணம் 2 அங்குல ஓஸுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு, விழுது இறங்கும் நேரத்தில் அவருடைய பயிர் பத்து நாள் வாடியது. அந்தப் பத்து நாளைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கடையிலும் மருந்து இல்லை.

உள்விட்டமே முதல் கணக்கு

ஓஸின் விட்டம் கொஞ்சம் குறைந்தால் தண்ணீரும் கொஞ்சம் குறையும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. விட்டம் பாதியானால் தண்ணீர் போகும் வாயின் பரப்பு நாலில் ஒன்றாகிவிடுகிறது. இதோடு நிற்பதில்லை. தண்ணீர் ஓஸின் உட்சுவரோடு உராய்ந்துகொண்டே போகிறது. குறுகிய ஓஸில் அதே அளவு தண்ணீர் வேகமாக ஓடவேண்டியிருப்பதால் உராய்வும் பல மடங்கு கூடுகிறது. அந்த உராய்வைத் தள்ளிக்கொண்டு போவதற்கே மோட்டாரின் வலு செலவாகிவிடுகிறது.

கணக்காகவே பார்ப்போம். விநாடிக்கு 1 லிட்டர் தண்ணீர் 50 மீட்டர் நீள ஓஸில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 அங்குல ஓஸானால் உராய்வினால் ஏற்படும் இழப்பு அரை மீட்டர் உயரத்திற்கும் குறைவு. ஒன்றேகால் அங்குலமானால் சுமார் 3 மீட்டர். 1 அங்குலமானால் சுமார் 10 மீட்டர். முக்கால் அங்குல ஓஸில் அதே தண்ணீரைத் தள்ள ஏறத்தாழ 38 மீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் ஏற்றும் வலு தேவைப்படும். தரைமட்ட நிலத்திற்குத் தண்ணீர் விடுவதற்காகப் பனைமரத்தைவிட உயரமாக அதை ஏற்றி இறக்குவதற்கு ஒப்பாகும் இது. ஓஸின் நீளம் இரண்டு மடங்கானால் இந்த இழப்பும் இரண்டு மடங்காகும்.

இதில் உங்களுக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம்; விவசாய மின்சாரத்திற்குத்தான் கட்டணம் இல்லையே என்றும் சொல்லலாம். கட்டணம் இல்லை என்பது சரி. ஆனால் நேரம் இருக்கிறதல்லவா? 1 ஏக்கர் நிலத்தில் 1 அங்குல உயரத்திற்குத் தண்ணீர் கட்ட ஏறத்தாழ 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர் வேண்டும். விநாடிக்கு 1 லிட்டர் வரும் ஓஸில் இதற்கு 28 மணி நேரத்திற்கு மேல் ஆகும். விநாடிக்கு 4 லிட்டர் வந்தால் 7 மணி நேரம் போதும். மும்முனை மின்சாரம் இருக்கும் நேரத்திற்குள் ஒரு தண்ணீரைக் கட்டி முடிப்பதா, மூன்று நாள் இரவில் லாந்தரோடு அலைவதா என்பதை ஓஸின் விட்டம்தான் முடிவு செய்கிறது.

ஆகவே உங்கள் மோட்டாரின் தண்ணீர் வெளிவரும் வாய் எத்தனை அங்குலமோ, ஓஸின் உள்விட்டம் அதற்குக் குறையவே கூடாது. 200 அடிக்கு மேல் தூரமானால் ஓர் அளவு பெரிதாகவே வாங்குங்கள். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதிக உயரத்திற்குத் தள்ளுவதற்கென்று செய்யப்பட்ட மோட்டாரில் மிகப் பெரிய ஓஸைப் பூட்டி, தடையே இல்லாமல் தண்ணீரைத் திறந்துவிட்டால் மோட்டார் அளவுக்கு மீறிய ஆம்பியர் இழுத்துச் சூடேறும். ஸ்டார்ட்டரில் ஆம்பியர் முள்ளைப் பார்த்து, மோட்டார் தகட்டில் குறித்த அளவுக்கு மேல் போகாமல் கேட் வால்வைக் கொஞ்சம் அடைத்து வையுங்கள்.

கடையில் அளவு கேட்கும்போது "உள் அளவா, வெளி அளவா" என்று கேட்க மறவாதீர்கள். கருப்பு நிறப் பாலித்தீன் குழாய்களுக்கு வெளிவிட்டத்தையே அளவாகச் சொல்வது வழக்கம். ஓஸ்களுக்கு உள்விட்டத்தைச் சொல்வார்கள். சட்டைப் பையில் ஒரு சிறு அளவுகோல் இருந்தால் சண்டை வராது.

எந்த வேலைக்கு எந்த ஓஸ்

மோட்டாரில் இருந்து நிலத்திற்குத் தண்ணீர் கொண்டுபோக மடித்துச் சுருட்டக்கூடிய தட்டை ஓஸ் ஏற்றது. தண்ணீர் இல்லாதபோது துணிப்பட்டை போல் கிடக்கும். ஒருவரே சுருட்டித் தோளில் தூக்கிப் போகலாம். நூல் வலை பின்னிய ஓஸ் அழுத்தம் தாங்கும்; வீட்டுத் தோட்டத்திற்கும், மருந்து தெளிக்கும் வேலைக்கும், மாட்டுக்கொட்டகை கழுவுவதற்கும் உதவும். வலை இல்லாத வெறும் ஓஸ் விலை குறைவு. தொட்டியில் இருந்து பூச்செடிக்குத் தானாகத் தண்ணீர் பாய்வதற்கு அது போதும். மோட்டாரில் பூட்டினால் வயிறு ஊதி வெடிக்கும்.

கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு ஓஸ் வேறு இனம். இதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. டீசல் இன்ஜினை வாடகைக்கு எடுத்து வருபவர்கள் உறிஞ்சும் பக்கத்திலும் தட்டை ஓஸையோ மெல்லிய ஓஸையோ மாட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் ஏறாது. காரணம் இதுதான்: பம்பு தண்ணீரை மேலே இழுப்பதில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றை அது வெளியேற்ற, வெளியே உள்ள காற்றின் அழுத்தம் கிணற்றுத் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அதே காற்றழுத்தம் ஓஸின் சுவரையும் வெளியிலிருந்து நெருக்கும். உள்ளே சுருள் வளையம் இல்லாத ஓஸ் ஒட்டிப்போய்விடும். ஆகவே உறிஞ்சு பக்கத்திற்குச் சுருள் வைத்த கெட்டி ஓஸ்தான் வேண்டும். காற்றழுத்தம் கணக்குப்படி 10 மீட்டர் உயரத்திற்குத் தண்ணீரை ஏற்றும் என்றாலும், நடைமுறையில் 6 மீட்டருக்கு மேல் போனால் தொல்லைதான். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போனால் ஓஸை நீட்டிப் பயனில்லை. பம்பைத்தான் கீழே இறக்கவேண்டும்.

சமீப ஆண்டுகளில் நிலக்கடலைக்கும் கீரைக்கும் ரெயின் ஓஸ் பரவியிருக்கிறது. தட்டை ஓஸில் நெடுக நுண்ணிய துளைகள் இட்டிருப்பார்கள். மழைத்தூறல் போல் இருபுறமும் விழும். நல்லதுதான். ஆனால் அழுத்தம் குறைந்தால் கடைசிப் பகுதியில் தூறாது, ஒழுகும். உற்பத்தியாளர் குறித்த நீளத்திற்கு மேல் ஒரே இழுப்பாகப் போடாமல் இரண்டு கிளையாகப் பிரித்துப் போடுங்கள். வடிகட்டி இல்லாமல் கிணற்றுத் தண்ணீரை நேரே விட்டால் துளைகள் பாசியாலும் மணலாலும் அடைபடும். உப்புக் கலந்த தண்ணீரானால் துளையின் வாயில் வெள்ளை படியும். நிலக்கடலையில் ரெயின் ஓஸைக் காலையில் ஓட்டுங்கள். மாலையில் ஓட்டி இரவெல்லாம் இலை நனைந்தே கிடந்தால் டிக்கா இலைப்புள்ளிக்கும் துருநோய்க்கும் நாமே விருந்து வைத்தது போலாகும்.

ஓஸ் என்பது சொட்டுநீருக்கு மாற்று ஆகாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். கரும்பு, காய்கறி, மா, தென்னை போன்றவற்றை நிலையாகப் பயிரிடுபவர்கள் நுண்ணீர்ப் பாசன மானியம் பற்றி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டுப் பயன்பெறலாம்.

கடையில் செய்யவேண்டிய சோதனை

ஓஸை எடை போட்டு விற்பவர்களும் உண்டு, மீட்டர் கணக்கில் விற்பவர்களும் உண்டு. மீட்டர் கணக்கில் வாங்கினாலும் எடை போட்டுப் பாருங்கள். ஒரே விட்டம், ஒரே நீளம், ஒரே வகை பிளாஸ்டிக். ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் இருந்தால், லேசானதில் சுவர் மெல்லியது என்று பொருள். வெட்டுமுனையைக் கண்ணெதிரே பிடித்துப் பாருங்கள். சுவர் சுற்றிலும் ஒரே கனமாக இருக்கவேண்டும். ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் மெலிந்த பக்கம்தான் முதலில் கிழியும்.

ஓர் அடி நீளத்தை இறுக மடித்து விடுங்கள். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து அப்படியே நின்றால் சரக்கில் பழைய பிளாஸ்டிக் கலப்பு அதிகம் என்று சந்தேகிக்கலாம். உட்புறத்தில் விரல்விட்டுத் தடவினால் வழவழப்பாக இருக்கவேண்டும். சொரசொரப்பு இருந்தால் உராய்வும் கூடும், பாசியும் பற்றும். காரமான நாற்றம் அடிக்கும் ஓஸை விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.

பி.வி.சி. எது, பாலித்தீன் எது என்று தெரியவில்லையா? ஒரு சிறு துண்டை வெட்டிக் காற்றுக்குமிழி ஒட்டாமல் ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். பாலித்தீன் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். இது வெறும் வேடிக்கை அல்ல. பி.வி.சி. குழாய்க்கு ஒட்டும் பசை பாலித்தீனில் ஒட்டாது. இது தெரியாமல் டப்பா டப்பாவாகப் பசையைப் பூசி ஏமாந்தவர்கள் உண்டு.

நிறத்தைப் பொறுத்தவரை, வெயிலில் கிடக்கவேண்டிய ஓஸுக்குக் கருப்பே முதலிடம். கருப்பு நிறம் தரும் கரித்தூள் வெயிலின் புற ஊதாக் கதிர்களை உள்ளே விடாமல் தடுக்கிறது. கண்ணாடி போன்ற ஓஸில் வெளிச்சம் உள்ளே போவதால் பாசி வளரும். தண்ணீர் ஓடுவது தெரியும் என்பதற்காக அதை விரும்புகிறவர்கள் நிழலில் உபயோகிக்கலாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா, எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்று ஓஸின் மேலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாதவனுக்குக் கடைக்காரர் மறுநாள் முகம் திருப்பிக்கொள்வார்.

சித்திரையில் தாங்கிய ஓஸ் கார்த்திகையில் வெடிப்பது ஏன்

ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. எடுத்துக்காட்டாக, உங்கள் நீர்மூழ்கி மோட்டார் அதிக அளவாக 80 மீட்டர் உயரம் தள்ளக்கூடியது என்று கொள்வோம். சித்திரையில் தண்ணீர் மட்டம் 60 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 60 மீட்டர் ஏறி வந்தபின் மீதி 20 மீட்டர்தான். ஓஸின் முனையை மூடினாலும் தரைமட்டத்தில் 2 கிலோ அழுத்தத்திற்கு மேல் வராது. மழை பெய்து தண்ணீர் மட்டம் 20 மீட்டருக்கு உயர்ந்துவிட்டது. இப்போது அதே மோட்டார், அதே ஓஸ். ஆனால் முனையை மூடினால் அழுத்தம் 6 கிலோ. 3 கிலோ தாங்கும் ஓஸ் வெடிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே மோட்டார் ஓடும்போது ஓஸின் முனையைக் காலால் மிதித்தோ, மடித்துக் கட்டியோ தண்ணீரை நிறுத்தும் பழக்கத்தை விடவேண்டும். பாத்தி மாற்றும்போது புதுப் பாத்தியில் முனையைப் போட்டபிறகே பழைய வாயை அடையுங்கள். கேட் வால்வைத் திருகும்போதும் மெல்லத் திருகுங்கள். ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் ஓடி வந்த வேகம் முழுவதும் ஒரு சம்மட்டி அடி போல் ஓஸின்மேலும் இணைப்புகளின்மேலும் விழும். மோட்டாரை ஓட விடுவதற்கு முன் ஓஸ் முழுவதும் மடிப்பு, முறுக்கு இல்லாமல் விரிந்து கிடக்கிறதா என்று ஒரு நடை நடந்து பார்த்துவிடுங்கள். அந்த ஒரு நடைக்குச் சோம்பல்பட்டுத்தான் பாதி ஓஸ்கள் கிழிகின்றன.

நிலக்கடலையில் ஓஸ் இழுப்பது

நிலக்கடலை ரகங்களின் பெயரில் வரும் டி.எம்.வி. என்ற எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் நாடெங்கும் போனது அந்த ரகங்களால்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு நிலக்கடலைப் பாடம் சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான். இருந்தாலும் ஓஸ் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியைச் சொல்லியாகவேண்டும்.

40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்துவிட்டால், அதன்பிறகு செடியின் அடியைக் கலைக்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். பூத்து, விழுது மண்ணில் இறங்கிக்கொண்டிருக்கும் காலம் அது. களைக்கொட்டை அப்போது நிலத்திற்குள் விடாத நாம், தண்ணீர் நிறைந்த ஓஸைச் செடிகளின் மேலேயே இழுத்துக்கொண்டு போகிறோம். 100 அடி நீள 2 அங்குல ஓஸில் நிறைந்திருக்கும் தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 60 கிலோ. 3 அங்குலமானால் 135 கிலோ. அத்தனை பாரத்தைச் செடியின்மேல் இழுத்தால் கிளை புரளும், இறங்கிய விழுது அறுபடும். அறுந்த விழுது மறுபடி காய்க்காது. அறுவடையில் ஓஸ் போன தடம் வரிசையாகப் பொக்கென்று தெரியும். அதை மண் குற்றம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதற்கு வழி எளியது. விதைக்கும்போதே நிலத்தின் குறுக்கே ஓர் அடி அகலத்தில் ஓஸ் போக ஒரு தடம் விட்டுவிடுங்கள். ஓஸை அந்தத் தடத்தில் மட்டும் போட்டு, இரு பக்கப் பாத்திகளுக்கும் அங்கிருந்தே தண்ணீர் விடலாம். இடம் மாற்றவேண்டியிருந்தால் மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் வடிந்தபின் சுருட்டித் தூக்கிப்போய் மறுபடி விரியுங்கள். திருப்பத்தில் முட்டுக்கொடுக்க இரண்டு மூங்கில் முளை அடித்து வைத்தால் ஓஸ் செடிப்பக்கம் சாயாது. பெரும்பாலும் ஓஸ் இழுக்கும் வேலை வீட்டுப் பெண்கள் தலையிலேயே விழுகிறது. நிறைந்த ஓஸை இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்களுக்கு இந்த யோசனையின் அருமை தெரியும்.

தண்ணீர் விழும் இடத்தில் மண் பறிக்காமல் இருக்க ஓஸின் வாயை ஒரு சாக்கின்மேலோ, தட்டைக் கல்லின்மேலோ வையுங்கள். சவுக்கு, கத்தரி, மிளகாய் நாற்றங்காலில் ஓஸை நேரே பிடிக்கவே கூடாது. விதை ஒருபக்கம் ஒதுங்கிவிடும். பூவாளியோ, ஓஸின் முனையில் பூவாளி மூக்கோ மாட்டித்தான் விடவேண்டும். பகலில் வெயிலில் கிடந்த ஓஸுக்குள் இருக்கும் தண்ணீர் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக இருக்கும். அதை முதலில் வரப்பில் ஓடவிட்டு, குளிர்ந்த தண்ணீர் வந்தபின் நாற்றுக்கு விடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். பாசன ஓஸ்கள் குடிநீருக்கென்று செய்யப்பட்டவை அல்ல.

மருந்து கலக்கும்போது இன்னொரு ஆபத்து. டிரம்மில் பூச்சிமருந்தை ஊற்றி, ஓஸின் முனையை அதற்குள் அமிழ்த்தித் தண்ணீர் பிடிக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால், ஓஸில் உள்ள தண்ணீர் பின்வாங்கும்போது மருந்துத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு கிணற்றுக்கே திரும்பிவிடலாம். அதே கிணற்றில்தான் மாடு குடிக்கும், பிள்ளைகள் குளிக்கும். முதலில் தண்ணீரைப் பிடித்து, ஓஸை வெளியே எடுத்துவிட்டுப் பிறகு மருந்தை ஊற்றுங்கள். தண்ணீர் பிடிக்கும்போதும் முனை தண்ணீர் மட்டத்திற்கு ஒரு சாண் மேலே இருக்கட்டும்.

இணைப்பும் ஒட்டும்

ஓஸை மோட்டார் வாயில் மாட்டும்போது எளிதில் ஏறாவிட்டால் நெருப்பில் வாட்டுகிறார்கள். வாட்டிய இடம் மெலிந்து சீக்கிரம் கிழியும், பி.வி.சி. சூடேறினால் வரும் புகையும் மூச்சுக்குக் கெடுதல். முனையைச் சுடுதண்ணீரில் சிறிது நேரம் வைத்து எடுங்கள், இளகி ஏறிக்கொள்ளும். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், கிரீஸ் எதையும் தடவவேண்டாம். ரப்பர் ஓஸ் ஊதிப்போகும், பிளாஸ்டிக் ஓஸ் நாளடைவில் விறைக்கும்.

கட்டுக்கம்பியால் இறுக்கினால் கம்பி ஓஸை அறுக்கும். திருகு கிளிப் போடுங்கள். மரக்காணம், வானூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இரும்பு கிளிப் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துவிடுவதால் துருப்பிடிக்காத எஃகில் வாங்குவது சிக்கனம். கிளிப் இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றிக் கட்டும் நம் பழைய முறையே நல்லது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சிறு ஓட்டை விழுந்தால் குச்சி செருகி அடைக்கவேண்டாம். அழுத்தத்தில் ஓட்டை நீளவாக்கில் கிழியும். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு முழ நீளப் பி.வி.சி. குழாய்த் துண்டின் இரு விளிம்பையும் அரத்தால் மழுக்கி, இருபக்க ஓஸையும் அதன்மேல் ஏற்றிக் கட்டுங்கள். குழாய்த் துண்டு ஓஸுக்குள் நெருக்கமாகப் பொருந்தவேண்டும். மெல்லிய துண்டை வைத்து டியூபை மொத்தமாகச் சுற்றினால் அந்த இடம் கழுத்தை நெரித்தது போலாகிவிடும்.

வண்டிப் பாதையைக் கடக்கும் இடத்தில் ஓஸைப் பெரிய குழாய் ஒன்றுக்குள் நுழைத்து மண்ணில் புதைத்துவிடுங்கள். டிராக்டர் சக்கரத்திடம் எந்த ஓஸும் பிழைக்காது. சீமைக்கருவேல் வேலி ஓரமாக இழுக்கும்போது முள்ளைப் பெருக்கித் தள்ளிவிட்டு இழுங்கள்.

சுருட்டி வைத்தல்

வேலை முடிந்ததும் ஒரு முனையில் இருந்து உயர்த்திப் பிடித்துக்கொண்டே நடந்தால் தண்ணீர் வடிந்துவிடும். பிறகு சுருட்டுங்கள். ஒற்றை ஆணியில் தொங்கவிட்டால் தொங்கிய இடத்தில் மடிந்து வெடிக்கும். பழைய டயரைச் சுவரில் சாத்தி அதன்மேல் சுற்றி வைக்கலாம். பி.வி.சி. ஓஸை மெத்தென்று வைத்திருப்பது அதில் கலந்துள்ள ஓர் எண்ணெய்ப்பொருள். வெயிலிலும் சூட்டிலும் அது மெல்ல மெல்ல வெளியேறிவிட ஓஸ் விறைத்துப்போகிறது. தகரக் கூரைக்கு ஒட்டினாற்போல் பரணில் வைப்பதும் வெயிலில் போடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நிலக்கடலை மூட்டை இருக்கும் அறையில் ஓஸை வைக்காதீர்கள். கடலைக்கு வரும் எலி ஓஸையும் கடித்துவிட்டுப் போகும். களத்து மேட்டில் கிடக்கும் ஓஸ் சுருளை இருட்டில் வெறுங்கையால் தூக்கவேண்டாம். அடியில் ஈரமும் நிழலும் இருப்பதால் தேளும் பாம்பும் தங்கும். ஒரு கோலால் புரட்டிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தபின் கை வையுங்கள். மோட்டார் கொட்டகையில் மின்கம்பிகள்மேல் ஓஸைப் போடுவதும், ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொடுவதும் கூடாது என்று தனியே சொல்லவேண்டியதில்லை.

புரட்டாசி முடிவதற்குள் நிலத்தில் கிடக்கும் ஓஸ் அனைத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரை மீறி வந்தது. வயலில் விட்டுவைத்த ஓஸும் குழாயும் வண்டலுக்கு அடியில் போயின. அப்படிச் சேறு புகுந்த ஓஸ் கிடைத்தால் உடனே மோட்டாரில் பூட்டிவிடாதீர்கள். காய்ந்த சேறு கட்டியாகி நடுவில் அடைத்திருக்கும். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, பக்கம் பக்கமாகக் கையால் பிசைந்து, இரு முனையையும் திறந்துவைத்துக் குறைந்த தண்ணீரில் கழுவியபின் பயன்படுத்துங்கள்.

இனி ஒட்டுப்போட முடியாது என்ற நிலைக்கு வந்த ஓஸையும் எறிந்துவிடவேண்டாம். நல்ல பகுதியை முழ நீளத்திற்கு வெட்டி, நெடுக்கே பிளந்து, மாங்கன்றுக்கு முட்டுக்குச்சி கட்டும் இடத்தில் கயிறு பட்டையை அறுக்காமல் இருக்க உறையாகப் போடலாம். வாளிப் பிடிக்கும் மண்வெட்டிக் காம்புக்கும் மாட்டலாம். மீதியைப் பழைய சாமான் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிடுங்கள். வயலில் குவித்துக் கொளுத்துவது மட்டும் வேண்டாம், பி.வி.சி. எரியும் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும், அதில் நச்சு வாயுக்களும் உண்டு.

புது ஓஸ் வாங்கிய அன்றே 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து மோட்டார் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அதே டிரம்மை நிரப்பிப் பாருங்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, புட்வால்வில் குப்பையா, ஓஸில் ஒழுக்கா என்று இந்த வரிசையிலேயே தேடுங்கள். மோட்டாரைக் கழற்றுவது கடைசியில்.